அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி

வணக்கம். நாமக்கல் பக்கத்து ஆள் நான். இருபத்தேழு வருடம் கேஸ் டேங்கர் ஓட்டினேன். இப்போது ஓட்ட வரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நெடுஞ்சாலையில் நீளமாக உருளை போலப் போகுமே, முந்திப் போய்விட்டால் தேவலாம் என்று உங்களுக்குத் தோன்றுமே, அந்த வண்டிதான். உள்ளே 18 டன் சமையல் கேஸ் இருக்கும்.

எங்களுக்கு விதிகள் நிறைய. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆம் விதிப்படி, இந்தச் சரக்கை ஓட்ட மூன்று நாள் பயிற்சி வேண்டும். சரக்கு கசிந்தால் என்ன செய்வது என்று எழுதிய ட்ரெம் கார்டு கேபினில் இருக்க வேண்டும். புகைக்குழாயில் பொறி தடுக்க ஸ்பார்க் அரெஸ்டர் வேண்டும். சரி, இதெல்லாம் படித்தால் வந்துவிடும். கூட வருகிற ஆளைச் சமாளிப்பதுதான் படித்து வராது.

ஒரு கதை சொல்கிறேன். என் வகுப்புக்கு வந்தவர்களுக்கு மனப்பாடம், பொறுத்துக்கொள்ளட்டும். கேஸை இறக்குகிற பிளாண்டில், இறக்கும்போது வண்டிச் சாவியை அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். கேஸ் போகிற குழாய், அதாவது ஹோஸ், மாட்டியிருக்கும்போது யாரும் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது, அதற்காகத்தான். என்னோடு வந்த மாற்று டிரைவர் நல்ல உழைப்பாளி, கலகலப்பான ஆள். ஆனால் அரைஞாண் கயிற்றில் ஒரு கள்ளச்சாவி கட்டி வைத்திருந்தார். எனக்கே தெரியாது.

சித்திரை வெயில். நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். பக்கத்து லாரிக்காரர் யாரையோ பார்த்து “எடுங்கண்ணா” என்று கத்தியிருக்கிறார். நம் ஆள் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கேபினில் ஏறி, இடுப்புச் சாவியைப் போட்டு, கியரும் போட்டுவிட்டார். ஹோஸ் அப்படியே மாட்டியிருக்கிறது! வண்டி உறுமி, அரை அடி நகர்ந்து, நின்றுவிட்டது. சக்கரத்துக்கு நான் போட்டிருந்த கட்டை பிடித்துக்கொண்டது. வெறும் மரக்கட்டை. ஹோஸ் அறுந்திருந்தால்? திரவமாக வருகிற கேஸ் வெளியே வந்ததும் சுமார் 250 மடங்கு விரியும். அந்த உறுமுகிற இன்ஜினே நெருப்பு வைத்திருக்கும்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா” என்றார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். பிளாண்டில் நான் வாய் திறக்கவில்லை. அது தப்பு, இன்றைக்கும் சொல்கிறேன், தப்புதான். ஊருக்கு வந்ததும் அந்தச் சாவியை ஓனர் கையில் கொடுத்தேன். ஆறு மாதம் அந்த மாற்று டிரைவர் என்னோடு பேசவில்லை. டீக்கடையில் எனக்குக் ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று பெயர். அப்புறம் ஒருநாள் அவரே, தன் புதுக் கிளீனர் கட்டை போடாததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

இழுவை குறைகிறது என்று ஸ்பார்க் அரெஸ்டரைக் கழற்றுகிறவர், டேங்கருக்குப் பக்கத்திலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குகிறவர்... இவர்களைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் பாக்கி. சரி, உங்களுக்கென்று வைத்திருந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் போட்டோ எடுக்கப் போகாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், பள்ளம் பார்த்துத் தரையோடு பரவும். 2012 ஆகஸ்டில் கேரளாவில், கண்ணூர் பக்கத்துச் சாலா என்ற ஊரில் அப்படிப் பரவித் தீப்பிடித்ததில் 20 பேர் போனார்கள். 2025 ஜனவரியில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தபோது பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகுங்கள். வண்டியைக் கிளப்ப வேண்டாம். தூரம் போனபிறகு 112க்கோ 101க்கோ பேசுங்கள். டேங்கர் பலகையில் 1075 என்று இருந்தால் அது சமையல் கேஸ், 1203 பெட்ரோல். தெரிந்த எண்ணைச் சொல்லுங்கள், அதைப் படிக்கக் கிட்டே போகாதீர்கள். மறைக்கிற மாதிரி அந்தப் பலகை மேல் துண்டு காயப்போடும் டிரைவர்களுக்கும் ஒரு வார்த்தை... விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.