கொண்டாட்டம் அவர்களுக்கு, கயிறு எனக்கு

நடுவர் அவர்களே, பொங்கல் விழாவுக்குத் திரண்டிருக்கும் நம் குடியிருப்பு மக்களே, வணக்கம். 'அடுக்குமாடி வீட்டில் துள்ளும் ஸ்பிட்ஸ் நாய்க்குட்டி: கொண்டாட்டமா, திண்டாட்டமா?' என்ற தலைப்பில், திண்டாட்டமே என்று பேச வந்திருக்கிறேன். புறப்படும் முன் கரை வேட்டி தேடினேன். மூன்று இருந்தன. மூன்றிலும் கரை மட்டும் இல்லை. கரையைத் தின்றவன் வீட்டில் தூங்குகிறான்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, வெள்ளைக் குட்டி ஓடினால் பஞ்சுமூட்டைக்குக் கால் முளைத்தது போலிருக்கும் என்றார். உண்மைதான் அம்மா. பஞ்சு மூட்டையிலேயே இருந்திருந்தால் நான் ஏன் மேடையேறுகிறேன்? இட்லி மாவில் பஞ்சு, விபூதிச் சம்புடத்தில் பஞ்சு, என் சர்க்கரை மாத்திரையிலும் பஞ்சு. ஸ்பிட்ஸ் வகைக்கு இரட்டை ரோமம். அடியில் மெத்தென்று ஓர் அடுக்கு, மேலே நீளமாக ஓர் அடுக்கு. குளிர்நாட்டு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. மே மாதம் பாவமாக இருக்கிறதே என்று மொட்டையடிக்கக் கொண்டுபோனேன். மருத்துவர் தடுத்துவிட்டார். அந்த ரோமம்தான் தோலை வெயிலிலிருந்து காக்கிறதாம். மழித்தால் பழையபடி முளைக்காமலும் போகலாமாம். திருப்பதிக்கு நேர்ந்துகொள்ளக்கூட வழியில்லாத முடி, நடுவர் அவர்களே!

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் பாதி அடைபடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? ஆகவே கோடையில் விடியற்காலை ஐந்தரைக்கே அவனை நடக்க அழைத்துப்போக வேண்டும். பொழுது ஏறிவிட்டால் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, சுட்டால் திரும்பிவிட வேண்டும். சரி, அந்த ஐந்தரைக்கு எழுகிறவர் யார்? என் வழக்கே இதுதான்.

குட்டி வேண்டும் என்று அழுதவன் ஒன்பது வயதுப் பேரன். வாங்கி வந்தவன் மகன். வால் முதுகின் மேல் சுருண்டிருக்கிறது என்று 'முறுக்கு' என்று பெயர் வைத்தவள் மருமகள். ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன். எட்டரைக்கு மற்ற இருவரும் பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கதவு சாத்தியபின் மிச்சம் இருவர். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற நான். ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாத அவன். ஊசிகள் போட்டு முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது என்றார்கள். அதுவரை பால்கனியில் விரித்தது என் செய்தித்தாளை, நான் படிப்பதற்கு முன்பே! நான்காம் மாதம் பால்பல் விழத் தொடங்கியது. ஈறு அரிப்புக்கு அவன் கண்டுபிடித்த மருந்துதான் வேட்டிக் கரை.

பழக்கினால் குரைக்காது என்றார் எதிரணி ஐயா. பின்லாந்தின் தேசிய நாய் ஒரு ஸ்பிட்ஸ் என்பது ஐயாவுக்குத் தெரியுமா? காட்டில் மரத்தின் மேல் பறவையைக் கண்டால், வேட்டைக்காரர் வந்து சேரும்வரை அடியில் நின்று குரைப்பதுதான் அதன் உத்தியோகம். நன்றாகக் குரைக்கும் நாய்க்கு அங்கே போட்டி வைத்துப் பட்டமே கொடுக்கிறார்கள். நம் முறுக்கு அந்த ஊர்க்காரன் இல்லை. பொமரேனியன் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டப்பட்ட இந்தியன் ஸ்பிட்ஸ். ஆனாலும் பங்காளி வம்சம் அல்லவா? மூன்றாவது மாடியில் வைத்து 'உஷ்' என்றால் அடங்குமா? கூரியர் வந்தால் ஆலாபனை, சிலிண்டர் வந்தால் தனி ஆவர்த்தனம். மங்களம் மட்டும் பாடுவதே இல்லை.

பிறகு ஏன் வைத்திருக்கிறீர்கள், பாசம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, அதுதான் தொல்லையே. மகன் வீடு திரும்பினால் இரண்டு நிமிடம் துள்ளிவிட்டு, என் காலடியில் வந்து படுத்துக்கொள்கிறான். இந்த வகை 12 முதல் 15 ஆண்டுவரை வாழக்கூடியது. எனக்கு இப்போது 69. பேரன் கல்லூரிக்குப் போகும்போது முறுக்குக்குப் பத்து வயது, எனக்கு 78. அந்த ஐந்தரை மணியில் யார் யாரை இழுத்துக்கொண்டு போவோமோ! குட்டி வாங்கிய அன்று இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. என்னையும் கேட்கவில்லை.

மணியடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். கொண்டாட்டமே என்று அடுத்துப் பேச வருபவர் வேறு யாருமில்லை, என் மகன்தான். எட்டேகாலுக்கு முறுக்கு இரவு நடைக்குப் போக வேண்டும். கயிற்றை உங்கள் மேசைமேல் வைக்கிறேன், நடுவர் அவர்களே. பேசி முடித்ததும் மறக்காமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.