அசனப் பந்தியும் ஒரு சாம்பார் வாளியும்

(களியக்காவிளைப் பக்கம் ஒரு சபையின் குடும்பக் கூடுகையில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால், பேசின மாதிரியே எழுதியிருக்கிறேன்.)

நம்ம பக்கத்தில் சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிற முக்கால்வாசிப் பேர் "நான் ஒன்றுமில்லாதவன், தூசி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சரி, நல்ல விஷயம். ஆராதனை முடிந்து வெளியே செருப்பு போடும்போது அதே ஆளிடம் போய், "ஆமா அண்ணாச்சி, நீங்க ஒண்ணுமில்லாதவருதான்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அது அஜெண்டாவில் வரும்.

தன்னைத் தானே தாழ்த்திப் பேசுவது பெரிய கஷ்டம் இல்லை. அதிலும் பேச்சு முழுக்க "நான்" தானே ஓடுகிறது. வேதாகமத்தில் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் கேட்பது வேறு. மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணுங்கள் என்கிறார். உன்னைக் குறைத்துக் கணக்குப் போடு என்று சொல்லவில்லை, எதிரில் நிற்கிற ஆளின் கணக்கைத் திருத்து என்கிறார்.

அந்தப் பிலிப்பி ஊரைக் கொஞ்சம் பாருங்கள். ரோமப் படையிலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் குடியேற்றின ஊர் அது. யார் என்ன பதவி வகித்தார், யாருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதையெல்லாம் கல்லில் வெட்டி வைக்கிற பழக்கம் அங்கே இருந்தது. (நம்ம ஆலயப் பிரதிஷ்டைக் கல்வெட்டில் பெயர் வரிசைக்காக நடக்கிற பேச்சுவார்த்தையை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டாயிரம் வருஷம் ஒன்றும் பெரிய தூரம் இல்லை.) அந்தக் காலத்துக் கிரேக்கர் வாயில் "தாழ்மை" என்பதே அடிமைத்தனத்தின் வாடை அடிக்கிற சொல். அதைப் பிடித்து, சிறையில் இருந்துகொண்டு, இதுதான் கிறிஸ்துவின் சிந்தை என்று எழுதுகிறார் மனிதர்.

இவ்வளவு பெரிய விஷயத்தை எதற்காக எழுதினார் என்று நாலாம் அதிகாரத்துக்கு வந்தால் தெரியும். எயோதியாள், சிந்திகேயாள் என்று சபையில் இரண்டு பெண்கள், இரண்டு பேருமே பவுலோடு சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள், அவர்களுக்குள் மனஸ்தாபம். என்ன சண்டை, யார் பக்கம் நியாயம் என்று பவுல் ஒரு வார்த்தை எழுதவில்லை. நாமாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்போம், நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்தும் இருப்போம்.

நம்ம கல்குளம், விளவங்கோடு உட்பட நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இரண்டு மாநிலம் எல்லை போட்டு இத்தனை வருஷம் ஆகிறது, களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பாறசாலைக்கு நாம் ஜவுளி எடுக்கப் போகிறோம், அவர்கள் இங்கே பெண் கட்டுகிறார்கள். ஆனால் அண்ணன் ரப்பர் தோட்டத்துக்கும் தம்பி ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கிற எல்லைக் கல் மட்டும் அரை அடி அங்கேயும் அரை அடி இங்கேயும் நடந்துகொண்டே இருக்கிறது. அளந்தால் அரை சென்ட் வராது. இரண்டு பேரும் ஒரே திருவிருந்தில் முழங்கால் படியிடுகிறார்கள், ஒருவர் இந்த ஓரத்தில், ஒருவர் அந்த ஓரத்தில்.

நான் சி.எஸ்.ஐ.காரன் (தென்னிந்தியத் திருச்சபை), ஆனாலும் கத்தோலிக்கரான நட்டாலத்துத் தேவசகாயத்தைச் சொல்லாமல் போக மனசில்லை. 1712இல் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம், நல்ல செல்வாக்கு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் எடுத்தார். அதற்கப்புறம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினதை மேல்சாதிக்காரர்களால் பொறுக்க முடியவில்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ஆம் தேதி ரோமில் புனிதர் என்று அறிவித்தபோது அவர் பேருக்குப் பின்னால் சாதிப்பெயர் இல்லை. அவர் செய்ததில் எது அவர்களை அவ்வளவு எரித்தது? கோயில் மாறினதை விட, பக்கத்தில் யாரை உட்கார வைத்தார் என்பதுதான் பலருக்கு எரிச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்ம வீட்டில் ரப்பர் பால்வெட்ட வருகிற ஆளுக்கு எந்தக் கிளாஸில் சாயா கொடுக்கிறோம் என்று இன்றைக்குப் போய்ப் பாருங்கள், நான் மேலே சொல்லவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முப்பத்தோரு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, வேலை பிரித்தபோது எனக்கு எச்சில் இலை எடுக்கிற வேலை. வேட்டியை மடித்துக்கட்டி பந்தி பந்தியாக எடுத்தேன். பார்க்கிறவர்களெல்லாம் "ஐயோ சாரே, நீங்களா எடுக்கீங்க, இங்க தாங்க" என்று ஓடி வந்தார்கள். "இருக்கட்டும் மக்களே" என்றேன். உண்மையைச் சொன்னால், நல்ல சுகமாக இருந்தது.

மூன்றாவது பந்தியில் சாம்பார் விளம்புகிற பையன் யாரையோ பார்க்கப் போய்விட்டான். நான் வாளியை வாங்கி நாலு இலைக்கு ஊற்றிவிட்டு, சமையல்புரை வாசல் பக்கம் வைத்தேன். சமையல் பொறுப்பு ஒரு கொத்தனாருக்கு. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், படித்தான் என்று சொல்ல முடியாது, பெஞ்சில் இருந்தான். அவன் உள்ளே இருந்து சத்தமாக, "சாரே, வாளிய அங்க வைக்காதீங்க, வழி!" என்றான். பந்தியே திரும்பிப் பார்த்தது.

அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நிமிஷம் பாயச வார்ப்பைக் கம்பு கொடுத்து இரண்டு பேர் அதே வாசல் வழியாகத் தூக்கி வந்தார்கள், ஆவி பறக்கிறது, கால் வைக்கிற இடத்தை அவர்களால் பார்க்க முடியாது. வாளி அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது. நூறு எச்சில் இலை தூக்கின கை, அவன் சொன்ன ஒரு வரியைத் தாங்கவில்லை. அன்றைக்குப் பாயசம் குடிக்காமலே வீட்டுக்கு வந்தேன், ராத்திரி குடும்ப ஜெபத்தில் "கர்த்தாவே, பெரியவர்களை மதிக்கிற தலைமுறையை எழுப்பும்" என்று ஜெபித்தேன். என் வீட்டுக்காரி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினபோது பேதுரு ஏன் மறுத்தான் என்று அதற்கப்புறம்தான் யோசித்தேன். கழுவச் சொல்லியிருந்தால் பேதுரு முதல் ஆளாகக் குனிந்திருப்பான். காலை நீட்டச் சொன்னதுதான் பிரச்சினை. கொடுக்கிற இடத்தில் இருக்கும்போது நாம் குனிந்தாலும் மேலேதான் நிற்கிறோம். ஒருவர் நமக்குச் செய்யும்போது, நம்மைத் திருத்தும்போது, நம்ம அழுக்கு அவர் கையில் இருக்கிறது.

அவன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு பர்லாங்கு. போய்ச் சேர எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை வாசல் வரை போய், ரேஷன் கடைக்கு வந்தது மாதிரி திரும்பிவிட்டேன். மன்னிப்பு கேட்கிற வாக்கியத்தையும் தயார் செய்திருந்தேன், அதில் ஒரு "ஆனாலும்" இருந்தது, வழியிலே அதை எடுத்துவிட்டேன். திண்ணையில் இருந்து கையில் சிமெண்டுக் கறையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் பதறி எழுந்து, நாற்காலியைத் தோர்த்தால் துடைத்துப் போட்டான். கட்டன்சாயா வந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கோபப்பட்டது, பாயசம் குடிக்காதது, ஜெபத்தில் அவனைக் குத்தினது உட்பட.

அவன் கிளாஸைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "எந்த வாளி, சாரே?"