புகழ் ஒரு சான்றா?

வணக்கம் நேயர்களே. மென்பொருள் துறையில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. மென்பொருளைத் தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாக, அதாவது மைக்ரோசர்வீஸாகப் பிரியுங்கள் என்பார் ஒருவர். வேண்டவே வேண்டாம் என்பார் இன்னொருவர். இருவருக்கும் பின்னால் பெருங்கூட்டம். யார் பேச்சை நம்பி ஒரு குழுவின் ஓராண்டு உழைப்பைப் போடுவது?

செல்வாக்கு வேறு, நம்பகத்தன்மை வேறு. வின்ஸ்டன் ராய்ஸ் என்ற மென்பொருள் பொறியாளரின் கதையைப் பாருங்கள். 1970இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு படம் உண்டு. தேவைகள், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று படிப்படியாகக் கீழே இறங்கும் படம். வாட்டர்ஃபால் முறை என்று உலகம் முழுக்கப் போனது அதுதான். ஆனால் அதை விளக்கும் இடத்திலேயே ராய்ஸ் சொல்லிவிட்டார்: கருத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் இப்படியே செயல்படுத்தினால் ஆபத்து, தோல்விதான் வரும் என்று. கட்டுரையின் மீதிப் பக்கங்களெல்லாம் அந்தக் குறையைச் சரிசெய்யும் வழிகள். அதுவரை புரட்டிப் படிக்கப் பலருக்குப் பொறுமை இல்லை போலும்! ஆகவே ஒருவரை எடைபோடுமுன், அவர் சொன்னதாகச் சொல்லப்படுவதை அவர்தான் சொன்னாரா என்று பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: தன் பேச்சை மாற்றிக்கொண்ட வரலாறு அவருக்கு உண்டா? 'அளக்க முடியாததைக் கட்டுப்படுத்த முடியாது' என்று 1982இல் எழுதியவர் மென்பொருள் ஆலோசகர் டாம் டிமார்கோ. மேலாளர்கள் அதை மந்திரம்போல் ஓதினார்கள். 2009இல் அவரே அதைக் கேள்விக்கு உட்படுத்தினார். பத்து லட்சம் டாலர் செலவழித்துப் பதினொரு லட்சம் மதிப்பு தரும் திட்டத்துக்குத்தான் கடுங்கட்டுப்பாடு தேவை. அதே செலவில் ஐந்து கோடி தரும் திட்டத்துக்கு அது பெரிதில்லை என்பது அவர் வாதம். 'தி மிதிக்கல் மேன்-மன்த்' என்ற மென்பொருள் நூலை எழுதிய ஃப்ரெட் புரூக்ஸும் அப்படித்தான். நிரலின் ஒரு பகுதியின் உள்விவரங்களை மற்றப் பகுதிகளை எழுதுபவர்களிடமிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் சொன்னதே சரி, நான் சொன்னது தவறு என்று அந்த நூலின் 1995 பதிப்பில் அச்சிலேயே எழுதினார். இதனால் இருவர் மீதும் எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

பயிற்சி வகுப்பும் சான்றிதழும் விற்பவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்க மாட்டேன். பிழைப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் தான் எழுதிய நிரலோடு சில ஆண்டுகள் இருந்து, நள்ளிரவில் அது விழுந்தபோது எழுந்து சரிசெய்தவரா என்று விசாரிப்பேன். ஒரு வடிவமைப்பின் பலவீனம் முதல் மாதத்தில் தெரியாது. அது தெரியவரும்போது ஆலோசகர் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

அடுத்த முறை ஆலோசகர் ஒருவர் பேசி முடித்ததும், உங்கள் வழிமுறை எங்கே பலிக்காது என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் கொண்ட குழு, எந்த வகை மென்பொருள் என்று குறிப்பிட்டுப் பதில் சொன்னால், குறிப்பேட்டை எடுங்கள். 'சரியாகச் செய்தால் எங்கும் பலிக்கும்' என்றால், பேனாவை மூடிவிடலாம். நன்றி, வணக்கம்.