கேட்காத காதுதான் வீட்டைப் பிரிக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணியினரே, முரசுமோட்டையிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற சபையோரே, வணக்கம்.

கணவன் மனைவியைப் பிரிப்பது பெரிய சண்டையா, சின்னச் சின்ன அலட்சியமா? எதிரணித் தலைவர் கடன், குடி, போன் என்று அடுக்கி, சண்டைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். பெரு வெள்ளம் வந்தால் குளக்கட்டு உடையும் என்று உவமை வேறு. ஐயா, இரணைமடுக் குளத்துக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்லலாமா? குளக்கட்டில் எலிவளை இருக்கிற இடத்தைத்தான் வெள்ளம் தேடிப் பிடிக்கும். பாரம் வந்தால் பிரிவுதான் என்றால், 2009இல் போரால் இடம்பெயர்ந்து மனிக்பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த சோடிகளில் ஒன்றுகூட இன்று சேர்ந்திருக்கக் கூடாது.

ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், சியாட்டலில் வீடு போல அமைத்த ஆய்வுகூடத்தில் புதுமணத் தம்பதிகளைத் தங்கவைத்து, அவர்கள் சாதாரணமாகக் கதைப்பதைப் பதிவுசெய்தார். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தார். சேர்ந்திருந்தவர்கள், துணை பேச்சுக் கொடுத்தபோது 100க்கு 86 தடவை முகங்கொடுத்தவர்கள். பிரிந்தவர்கள் 33 தடவைதான். சியாட்டல் கணக்கு கிளிநொச்சிக்கு அச்சொட்டாகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போக்கு அதுதான்.

பேச்சுக் கொடுப்பது என்றால் என்ன? மனுசன் வயலால் வந்து விறாந்தையில் இருக்கிறார். "இஞ்சாருங்கோ, கிணத்தடி முருங்கை பூத்திருக்கு" என்கிறா மனுசி. முருங்கையா அங்கே விசயம்? என்னோடு இரண்டு வார்த்தை கதையுங்கோ என்கிறா. அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்கிறார். சண்டை வராது. ஆனால் நாலு தரம் இப்படி நடந்தால் ஐந்தாம் தரம் அவ சொல்லமாட்டா.

துன்பத்தில் தோள் கொடுத்தால் போதும் என்றார் எதிரணித் தங்கச்சி. போதாது. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல செய்திக்குத் துணை என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்தது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற மனைவி, "என்னைச் சுப்பவைசராக்கிட்டினம்" என்று வருகிறா. ஒருவர், "எப்ப சொன்னவை? உன்ர லைனில எத்தின பேர்?" என்று கேட்கிறார். இன்னொருவர், "ஆ, நல்லம்." மூன்றாமவர், "வேலைதான் கூடும், பிள்ளையளை ஆர் பாக்கிறது?" நாலாமவர், "இரவுக்கு என்ன சாப்பாடு?" இதில் முதலாவது பதில்தான் நெருக்கத்தோடு சேர்ந்து வந்தது. அந்த "ஆ, நல்லம்" கூட உதவவில்லை என்பதை இங்கே இருக்கிற அண்ணைமார் குறித்துக்கொள்ள வேண்டும்!

சண்டையே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். தம்பதிகளின் 15 நிமிட வாக்குவாதத்தில் முதல் 3 நிமிடத்தை வைத்தே, பின்னால் யார் பிரியக்கூடும் என்று கணிக்க முடிந்ததாக 1999இல் வந்த கொட்மனின் இன்னோர் ஆய்வு சொல்கிறது. "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான், ஒரு பொறுப்பும் இல்லை" என்று தொடங்கினால் அது ஆளைக் குற்றஞ்சாட்டுவது. "25ஆம் திகதி லீசிங் கட்டவேணும், காசு காணாது எண்டு பயமாக்கிடக்கு, இண்டைக்கு இரவு இருந்து கணக்குப் பாப்பமோ?" என்பதும் அதே கடன்தான். இதில் உணர்வு இருக்கிறது, விசயம் இருக்கிறது, கேட்பது என்னவென்றும் இருக்கிறது.

சூடேறிவிட்டால் நாடியைப் பிடியுங்கள். 15 செக்கனில் 25 துடிப்பைத் தாண்டினால், அதாவது நிமிடத்துக்கு 100க்கு மேல், காது அடைத்துவிடும், நியாயம் ஏறாது. குறைந்தது 20 நிமிடம் விலகுங்கள். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். ஒன்றும் சொல்லாமல் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு தவறணைக்குப் போவது இடைவேளை அல்ல. "எட்டரைக்குத் திரும்பக் கதைப்பம்" என்று நேரம் சொல்லிப் போகவேண்டும், சொன்ன நேரத்துக்கு வரவேண்டும். அந்த இருபது நிமிடமும் அடுத்த பதிலைத் தீட்டிக்கொண்டிருந்தால் நாடி இறங்காது. பிள்ளையாரடி வரை நடக்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கலாம்.

ஒன்றைத் தனியே சொல்லிவைக்கிறேன். கைநீட்டுவது இந்தத் தலைப்புக்குள் வராது. அடி விழுகிற வீட்டில் இனிமையாகத் தொடங்கு என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லக்கூடாது. அங்கே 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவும்தான் வழி.

அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லட்டும். தம்பதிகளின் பிணக்குகளில் 69 வீதம் முற்றாகத் தீராதவை, சந்தோசமாக வாழ்கிறவர்களுக்கும் இது பொருந்தும் என்கிறார் அதே கொட்மன். தீராத சண்டையோடு அவர்கள் ஏன் இன்னும் பிரியவில்லை?

நன்றி, வணக்கம்.