கிடாரத்திலிருந்து கோப்பை வரை

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பெரிய குசினிகளின் முகாமைத்துவம் பற்றிப் பேச என்னை அழைத்த நிலையத்தாருக்கு என் நன்றி. விடுதி, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பள்ளிக்கூட மதிய உணவு, கோயில் மடம் என்று ஒரே நேரத்தில் நூறு, இருநூறு பேருக்குச் சமைக்கும் இடங்களைத்தான் பெரிய குசினி என்கிறேன். போசாக்கு ஆலோசகராக அப்படியான குசினிகளுக்குள் நின்று வேலை செய்கிறவள் நான்.

இந்த இடங்களில் போசாக்குப் பற்றிக் கேட்டால் உடனே உணவுப் பட்டியலைக் காட்டுவார்கள். சுவரில் ஒட்டியிருக்கும். திங்கள் பருப்பும் முருங்கையிலை வறையும், செவ்வாய் மீன், புதன் முட்டை. பட்டியல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சரி, அதில் உள்ள புரதமும் இரும்புச்சத்தும் வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளையின் கோப்பைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு? அங்கேதான் பதில் வராது. பணம் போதாமல் போசாக்குக் குறைவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சாமானே களஞ்சியத்துக்கும் கோப்பைக்கும் இடையில் தொலைந்துபோவதை நான் அதிகம் காண்கிறேன். அதைத் தொலையவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் குசினி முகாமைத்துவம்.

ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர் 1916-இல் முகாமைத்துவத்தின் வேலைகளை ஐந்தாக வகுத்தார்: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடல், இணைத்தல், கட்டுப்படுத்தல். உயர்தரத்தில் வணிகம் படித்தவர்கள் இதைப் பாடமாக்கியிருப்பீர்கள். பெரும்பாலான தொழிற்சாலைகளில் செய்த பொருளைக் கிடங்கில் வைத்துப் பிறகு விற்கலாம். சோற்றை அப்படி வைக்க முடியாது. விடியப்புறம் அடுப்பு மூட்டுவதற்கும் மத்தியானம் கோப்பை கழுவுவதற்கும் இடையில் இந்த ஐந்தும் நடந்து முடிந்துவிட வேண்டும். அதனால் குசினியில் திட்டம் பிழைத்தால் திருத்த நேரம் கிடைப்பதில்லை.

திட்டமிடலில் முதல் கேள்வி, எத்தனை பேர்? தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றுதான் நாங்கள் சொல்வோம். அங்குள்ள மடங்களில் வெள்ளிக்கிழமை வரும் கூட்டமும் மற்ற நாள் கூட்டமும் ஒன்றல்ல. எத்தனை கிடாரம் வைப்பது என்பதை அனுபவப்பட்டவர்கள் நாளையும் திருவிழாவையும் மழையையும் வைத்தே கணித்துவிடுவார்கள். அது உண்மையான திறமை. ஆனால் அந்தக் கணிப்பு ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் வராத நாளில் குசினி தடுமாறும். ஒரு கொப்பியில் திகதி, என்ன நாள், சமைத்த அளவு, சாப்பிட்டவர்கள், மிஞ்சியது என்று ஐந்து நிரல் போட்டு எழுதி வந்தால், அடுத்த வருடத் திருவிழாவுக்கு அதுவே வழிகாட்டும். விடுதிகளுக்கு இது இன்னும் சுலபம். யார் வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை வியாழக்கிழமையே கேட்டு எழுதிவிடலாம்.

அடுத்தது பட்டியல். எங்களுடைய பட்டியலுக்குச் சந்தையும் காலமும் தெரிந்திருக்க வேண்டும். மாரி காலத்தில் கடல் கொந்தளித்தால் மீன் வராது, கீரையும் அழுகும். அந்த நாளில் வாங்கப் போனவர் என்ன செய்வார்? மருதனார்மடம் சந்தையிலோ சுன்னாகம் சந்தையிலோ மலிவாக இருந்ததை வாங்கி வருவார். மீனுக்குப் பதில் கத்தரிக்காய் வரும். மட்டுவில் கத்தரிக்காயாக இருந்தால் ருசிக்குக் குறைவிருக்காது. கறிகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்கும். புரதம் மட்டும் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் 'கிடைக்காவிட்டால்' என்று இன்னொரு நிரல் வேண்டும். மீன் இல்லையென்றால் முட்டை, கடலை, கௌபி, சோயா, இவற்றில் ஒன்று. கீரை இல்லையென்றால் வேறு பச்சை இலை அல்லது பூசணி. வாங்கப் போகிறவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பது எங்கள் வழக்கம். அன்றைக்குப் பருப்பையும் பயறையும் கூட்டி வைப்பதும் இதே திட்டத்துக்குள் வரும். காசு நெருக்கடியான இடங்களுக்கு நெத்தலியைத்தான் நான் சொல்வேன். முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் சேர்த்துக் கிடைக்கும்.

இனி நான் சற்று நின்று பேச விரும்பும் இடம், பரிமாறும் கரண்டி. ஒரு கணக்குச் சொல்கிறேன், குசினியில் வேலை செய்கிறவர்கள் பென்சில் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 150 பிள்ளைகள் உள்ள விடுதி என்று வைப்போம். ஆளுக்கு 30 கிராம் பருப்பு என்றால் நாலரைக் கிலோ. அதைக் கறியாக்கும்போது இருபத்திரண்டரை லீற்றர் வருகிறது என்று வையுங்கள். ஆளுக்கு 150 மில்லிலீற்றர். ஒருவருடைய பங்கில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் இருக்கும். இப்போது பரிமாறுகிறவர் நல்ல மனதோடு 200 மில்லிலீற்றர் அள்ளும் கரண்டியால் நிறைய நிறைய ஊற்றுகிறார். முதல் நூறு பேருக்கு 20 லீற்றர் போய்விடும். மிச்சம் இரண்டரை லீற்றர், நிற்பது ஐம்பது பேர். ஆளுக்கு 50 மில்லிலீற்றர்தான். புரதம் 2 கிராமுக்குச் சற்று மேல். நடப்பில் என்ன செய்வார்கள்? பானைக்குள் சுடுதண்ணீர் விட்டுக் கலக்குவார்கள். எல்லோருக்கும் பருப்பு ஊற்றியாயிற்று, ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. பட்டியலில் திங்கள் பருப்பு என்று எழுதியதும் பொய்யாகவில்லை. ஆனால் கடைசியில் நின்ற பிள்ளைக்குப் போசாக்குக் கிடைக்கவில்லை. வழக்கமாகக் கடைசியில் நிற்பது யார் என்றும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளும், தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போகத் தெரியாத பிள்ளைகளும்தான். என்னால் இதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை.

இதற்கு மருந்து மிகச் சின்னது. கறியின் மொத்த அளவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த அளவு பிடிக்கும் கரண்டி ஒன்றைப் பருப்புக்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்கி அள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் பருப்பு அடியில் தங்கும், மேலே தண்ணீர்தான் நிற்கும். அரிசி அளப்பதும் இப்படித்தான். சுண்டால் அளந்தால் ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் கோபுரமாக அளப்பார். தராசு பொய் சொல்லாது. களஞ்சியத்திலிருந்து குசினிக்குப் போகும் எதையும் நிறுத்துக் கொடுங்கள்.

சமையல் குறிப்பை எழுதி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மூத்த சமையல்காரர்களிடம் அளவை எழுதுவோம் என்று கேட்டால் மனம் நோவார்கள், தங்கள் கைப்பக்குவத்தில் நம்பிக்கை இல்லையோ என்று. நான் அவர்களிடம் சொல்வது, உங்கள் கைப்பக்குவத்தைத்தான் எழுதப் போகிறோம் என்று. அவர் வழக்கம்போலச் சமைக்கட்டும். அவர் போடும் உப்பையும் தூளையும் தேங்காய்ப்பாலையும் நாங்கள் பக்கத்தில் நின்று நிறுத்துக் குறிக்கலாம். அவருடைய பெயரைப் போட்டே அந்தக் குறிப்பை மாட்டலாம். உப்பை எழுதுவது ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் கட்டாயம். ஒரு வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கண்மட்டத்தில் போடும் உப்புக்கு எந்த வரையறையும் இல்லை.

ஒழுங்கமைத்தல் என்றால் யார் எதை எப்போது செய்வது என்பது. இதிலும் போசாக்கு இருக்கிறது. முருங்கையிலையை விடியவே வறுத்து வைத்துவிட்டு மத்தியானம் பரிமாறினால் விற்றமின் சி பெரும்பகுதி போய்விடும். இலையைக் கழுவிய பிறகு வெட்டுவதும், வறையைக் கடைசியாக அடுப்பில் ஏற்றுவதும் நேர அட்டவணையில் எழுதப்பட வேண்டியவை. அதோடு பரிமாறும் இடத்தில் வெட்டிய தேசிக்காய் வையுங்கள், புளி இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். தேத்தண்ணி அதைத் தடுக்கும், அதனால் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள்.

இப்போது பாதுகாப்பு. சமைத்த உணவில் கிருமி வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில். யாழ்ப்பாணத்து வெயிலில் எங்கள் குசினி முழுவதும் அந்த எல்லைக்குள்தான் கிடக்கிறது. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. சோற்றை நாங்கள் ஆபத்தில்லாத உணவாக நினைக்கிறோம், அது சரியில்லை. பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் சோறு அவியும் சூட்டிலும் சாகாமல் கிடக்கும். சோறு ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. விடியப்புறம் சமைத்துக் கட்டிய சாப்பாட்டுப் பார்சல் ஒரு மணிக்குச் சாப்பிடப்படும்போது அது எத்தனை மணித்தியாலம் சும்மா கிடந்தது என்று எண்ணிப் பாருங்கள். பச்சைத் தேங்காய்ப்பூச் சம்பல் அதற்குள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மிஞ்சியதை வைக்கத்தான் வேண்டும் என்றால் கிடாரத்தோடு குளிரூட்டியில் வைக்காதீர்கள், நடுப்பகுதி பல மணித்தியாலத்துக்கு ஆறாது. தட்டையான தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்பி ஆறவிட்டு வையுங்கள்.

இந்த ஆபத்துகளை முன்கூட்டியே இனங்கண்டு, எந்தக் கட்டத்தில் எதை அளப்பது என்று தீர்மானிக்கும் முறை 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனமும் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமும் சேர்ந்து உருவாக்கியது. விண்வெளியில் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன செய்வது என்ற கவலையில் பிறந்த முறை. அதை முழுமையாகக் கடைப்பிடிக்க எல்லா இடங்களுக்கும் வசதி வராது. ஆனால் ஒரு வெப்பமானி வாங்கி, கறியின் நடுப்பகுதி 70 பாகையைத் தாண்டியதா, பரிமாறும்போது 60-க்குக் கீழே இறங்கியதா என்று எழுதுவதற்கு எந்த விடுதியாலும் முடியும். இலங்கையில் 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கிறார். அவர் வருகிற நாளில் மட்டும் எழுதப்படும் புத்தகத்தால் ஒருவரின் வயிறும் காப்பாற்றப்படாது.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த உரை அரைகுறையாகும். கை கழுவுங்கள் என்று சுவரில் எழுதிவிட்டு, சவர்க்காரமும் குழாயும் குசினிக்கு வெளியே தூரத்தில் இருந்தால் யார் கழுவப் போகிறார்கள்? நாட்கூலிக்கு வேலை செய்யும் அம்மா வயிற்றோட்டத்தோடு வேலைக்கு வருகிறார், வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. சுகயீனம் என்று சொன்னால் சம்பளம் வெட்டப்படாது என்று நிர்வாகம் உறுதி கொடுக்க வேண்டும். அல்லது அன்றைக்கு உணவில் கை படாத வேலை கொடுக்க வேண்டும், கணக்கு எழுதலாம், முற்றம் கூட்டலாம். ஒருவரின் ஒருநாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் 150 பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எந்தக் கணக்கில் சேரும்? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பெண்கள் சேர்ந்து நடத்தும் அம்மாச்சி உணவகத்தில் பாருங்கள், சமைப்பது வாங்குகிறவரின் கண்முன்னாலேயே நடக்கிறது. எல்லோரும் பார்க்கச் சமைப்பதும் ஒரு நல்ல மேற்பார்வை.

கடைசியாகக் கட்டுப்படுத்தல். இதற்கு நான் கேட்பது மூன்று வாளிகள். ஒன்றில் மிஞ்சிய சோறு, ஒன்றில் மரக்கறி, மற்றதில் மீன் முள்ளு, கறிவேப்பிலை போன்ற கழிவு. சாப்பாடு முடிந்ததும் நிறுத்து எழுதுங்கள். 150 பேருக்கு 18 கிலோ அரிசி போட்டால் ஏறத்தாழ 50 கிலோ சோறு வரும். வாளியில் 9 கிலோ சோறு திரும்பி வந்தால், மூன்று கிலோவுக்கு மேல் அரிசியைக் கொட்டியிருக்கிறீர்கள். ஒரு கிழமை எழுதினால் எந்த நாளில் எது கொட்டப்படுகிறது என்பது தெரிந்துவிடும். மரக்கறி வாளி கீரையால் நிரம்பினால் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், உப்பா, கசப்பா, மணமா, கூட அவிந்துவிட்டதா என்று. அப்புறம் அந்தக் கறியின் செய்முறையை மாற்றி, அடுத்த கிழமை அதே நாளில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். அரிசியில் மிச்சமாகும் காசு பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல் முட்டைக்கும் பருப்புக்கும் போக வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

கொப்பி, தராசு, அளவுக் கரண்டி, வெப்பமானி, மூன்று வாளி. விடுதி பொறுப்பாளர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், வருகிற திங்கட்கிழமை பருப்புக் கறியிலிருந்து தொடங்குங்கள். வரிசையில் முதலாவது பிள்ளையின் கோப்பையில் விழுந்ததையும் கடைசிப் பிள்ளையின் கோப்பையில் விழுந்ததையும் நிறுத்து, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.