அரக்குச் சிவப்பு ஏன் கறுப்பாகிப் போனது?

அவையோர்க்கு வணக்கம்.

கண்டிப் பகுதிக் கைவினைகளின் பழைய நிழற்படங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரு பிழையை அடிக்கடி விடுகிறார்கள். படத்தில் கறுப்பாகத் தெரியும் அரக்குப் பூச்சைக் கறுப்பு என்றே பதிந்துவிடுகிறார்கள். பல வேளைகளில் அது நல்ல சாதிலிங்கச் சிவப்பு.

முதலில் கல். 1870, 71இல் ஜோசப் லோட்டன் அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளைப் படமெடுத்தார். அது ஈரத் தட்டுக் காலம். கண்ணாடியில் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். இருட்டுக் கூடாரம் பக்கத்திலேயே வேண்டும். கல் அசையாது, காத்திருக்கும். கம்மாளன் கை காத்திருக்காது.

கைவினைஞரை ஊன்றிப் பதிவுசெய்தவர்கள் ஆனந்த குமாரசுவாமியும் அவர் மனைவி எதலும். முத்துக் குமாரசுவாமியின் மகனான ஆனந்தர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வின் பணிப்பாளர். கல் தேடிப் போன வழியில் கைவினைக் கிராமங்களும் இருந்தன. படமெடுத்தவர் எதல். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி ஆனந்தர் எழுதிய நூல் 1908இல் 425 பிரதிகளாக வெளிவந்தது. வில்லியம் மொரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் முன்பு இருந்த கை அச்சுப்பொறியிலேயே அது அச்சானது. நூலில் ஆனந்தர் பெயர் பெரிதாக நிற்கிறது, எதலின் உழைப்பைத் தேடித்தான் பார்க்கவேண்டும். இது நீதியல்ல.

அதற்குள் ஜெலற்றின் உலர் தட்டு வந்துவிட்டது. கூடாரம் சுமக்கும் பாடு தீர்ந்தது, ஆனால் வெப்பம் விட்டபாடில்லை. கழுவும் நீர் 18 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது; 25ஐத் தாண்டினால் ஜெலற்றின் ஊதும், ஓரங்களில் சுருங்கிக் கண்ணாடியை விட்டுக் கழன்று வரும். அதனால் இரவில் கழுவுவார்கள், படிகாரக் கரைசலில் இட்டு இறுக்குவார்கள். படத்தை நிலைநிறுத்தும் உப்பான ஹைப்போ கழுவலில் சரியாகப் போகாவிட்டால் சில வருடங்களில் மஞ்சள் கறை. ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் ஜெலற்றினையே தின்னும்.

இனி நிறம். சாதாரணத் தட்டு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். சிவப்பை அது காணாது. மஞ்சளையும் மங்கலாகவே காணும். மாத்தளை ஹபுவிட நக வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் சேர்த்த அரக்கை அனலில் இளக்கி, நூலாக இழுத்து, சூடான கோலில் ஒட்டி, பெருவிரல் நகத்தால் துண்டிப்பார்கள். பிறகு தாளிப்பனை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சிவப்புத் தரையில் மஞ்சள் நூல் ஓடும். நேரில் பளிச்சென்று தெரிவது, படத்தில் இருட்டில் இருட்டு! மஞ்சளையும் பச்சையையும் உணரும் ஒதொகுரோமற்றிக் தட்டும் மஞ்சள் வடிகண்ணாடியும் இருந்தால் மஞ்சள் மீளும், சிவப்பு மீளாது. தும்பறைப் பாயிலும் சிவப்புப் பட்டையும் கறுப்புப் பட்டையும் ஒன்றாகிவிடும். ஆகவே நிறத்துக்குக் கையால் வரைந்து நிறம் தீட்டிய படத்தையும் எஞ்சிய பொருளையும்தான் நம்பவேண்டும். படம் தருவது வேறு: கோலைப் பிடிக்கும் விதம், குந்தியிருக்கும் நிலை, அனல் சட்டி இருக்கும் இடம்.

அந்த நிலையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. குடிசைக்குள் வெளிச்சம் போதாது; சில விநாடிகள் திறந்து வைத்தால் விரல் புகையாகிவிடும். ஆகவே ஆளை முற்றத்துக்குக் கூட்டிவந்து அசையாமல் இருக்கச் சொல்வார்கள். கடைசல்காரன் பட்டறையைச் சுழற்ற இழுக்கும் வில்லின் கயிறு படத்தில் கூர்மையாகத் தெரிகிறதா? நல்ல வெயிலில் எடுத்த கணப் படமாக இல்லாவிட்டால், பட்டறை அப்போது ஓடவில்லை. குறிப்பில் 'கடைகிறார்' என்று எழுதாமல் 'கடையும் பாவனையில் இருக்கிறார்' என்று எழுதுங்கள்.