புயல் ஓய்ந்த பிறகு முகத்துவாரத்தில் தூண்டில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புயல் கரையைக் கடந்த மறுநாள் கடலூரிலும் புதுச்சேரியிலும் தூண்டில் ஆசைக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான்: "மழை விட்டுடுச்சா?" நான் கேட்கச் சொல்வது வேறு: "சாத்தனூர் அணையில எவ்வளவு தண்ணி திறந்திருக்காங்க?"

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. ஆனால் கடலூரை முழுக வைத்த வெள்ளம் அதற்கப்புறம்தான் வந்தது. புயல் உள்ளே போய் மேற்கு மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் வெளியேறியது. அத்தனையும் தென்பெண்ணை வழியாகக் கடலூரை ஒட்டிய தாழங்குடா பக்கம் கடலுக்கு வந்தாக வேண்டும். நம் தலைக்கு மேலே வெயில் அடிக்கும், ஆறு அப்போதுதான் பெருகும். வானத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர் ஏமாறுவது இதனால்தான்.

நான் பேசுவது ஃப்ளை ஃபிஷிங் பற்றி, அதாவது இறகால் கட்டிய பொய் இரையை வீசி மீன் பிடிப்பது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் கனமெல்லாம் கயிற்றில்தான். முள்ளில் கட்டியிருப்பது கோழி இறகும் கொஞ்சம் முடியும் நூலும். வெளிநாட்டில் மான்வால் முடியில் கட்டுவார்கள். நமக்கு வெள்ளாட்டு முடியே போதும், நன்றாகவே வேலை செய்கிறது. "கோழி இறகை வச்சா மீன் புடிக்கப் போற தம்பி?" என்று வலைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. இறாலைக் கோத்துப் போட்டால் கலங்கல் தண்ணீரிலும் வாசனை பிடித்து மீன் வரும். இறகுக்கு வாசனை இல்லை. மீன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது அது தண்ணீரில் எழுப்பும் அதிர்வையாவது உணர வேண்டும். அதனால் புயலுக்குப் பிந்திய கலங்கல் மற்றவர்களைவிட நமக்குத்தான் பெரிய தொல்லை.

காற்றும் அப்படித்தான். புயல் நமக்குக் கிழக்கே கடலில் இருக்கும்வரை வாடைக்காற்று அடிக்கும். புயல் மேற்கே போனதும் காற்று தெற்கே திரும்பும். கடலைப் பார்த்து நின்றால் தெற்கு உங்கள் வலது பக்கம். வலக்கையால் வீசுகிறவருக்கு, முன்னால் போகும் கயிற்றை அந்தக் காற்று உடம்பின் மேலேயே தள்ளும். முள் காதிலோ கழுத்திலோ வந்து குத்தும். அன்றைக்குக் கோலை இடது தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசுங்கள். இல்லையென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சில் கயிற்றைக் கடல் பக்கம் விடுங்கள். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் கோலைத் தொடவே வேண்டாம்.

சரி, தண்ணீர் எப்போது மீனுக்கு ஆகும்? என் அடையாளம் ஆகாயத்தாமரை. வெள்ளத்தில் ஏரி குளமெல்லாம் வழிந்து அது கொத்துக் கொத்தாக முகத்துவாரத்துக்கு வரும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், பெருவெள்ளத்தை எதிர்த்து ஓதத்தால் மேற்பரப்பில் ஒன்றும் செய்ய முடியாது. ஓதம் ஏறும் நேரத்திலும் ஆகாயத்தாமரை கடல் பக்கமே ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஒருநாள் அந்தக் கொத்து தயங்கி நிற்கும், அப்படியே ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு மெல்ல மேற்கே நகரத் தொடங்கும். கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். கோலை அப்போது எடுக்கலாம்.

அப்போதும் மேல்தண்ணீர் செம்மண் நிறத்தில்தான் இருக்கும். நல்ல தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். உப்புத் தண்ணீர் கனம், அடியில் ஆப்பு மாதிரி நுழையும். மீன் அந்த அடித்தண்ணீரில் இருக்கிறது. மிதக்கிற கயிறு உதவாது, மூழ்குகிற கயிறு வேண்டும். இறகும் கொஞ்சம் பருத்த தலையோடு, கறுப்பாக இருப்பது நல்லது. கலங்கலில் வெள்ளை கரைந்துபோகும், கறுப்பு நிழலாகத் தெரியும்.

முகத்துவாரத்துக்கு வெளியே பழுப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் நுரை, சுள்ளி, வைக்கோல் எல்லாம் ஒரு கோடாகத் திரளும். வெள்ளம் தள்ளிவிட்ட இறாலும் சின்ன மடவையும் அங்கே தடுமாறும். கீழே கொடுவா மீன் காத்திருக்கும். இறகைப் பழுப்பில் போட்டுப் பச்சைக்கு இழுங்கள். வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடுவதால், ஆற்றுக் கலங்கல் பெரும்பாலும் தெற்கே சாயும். முகத்துவாரத்தின் வடகரையை முதலில் பாருங்கள். புயலுக்கு அடுத்த ஓரிரு நாள் தெற்குக் காற்று இந்தக் கணக்கைக் குழப்பலாம்.

எல்லா ஆறும் ஒன்றாகத் தெளிவதில்லை. சங்கராபரணி சின்ன ஆறு, செஞ்சிப் பக்கத்திலிருந்து வருவது. அது கடலில் சேரும் சுண்ணாம்பாறு முகத்துவாரம் சீக்கிரம் தெளியும். தாழங்குடா தாமதமாகும். கொள்ளிடத்தில் மேட்டூர் உபரி வந்தால் பிச்சாவரத்துத் தெற்குப் பக்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது வனத்துறையின் இடம் என்பதால் அனுமதி கேட்காமலும் போக வேண்டாம்.

கொடுவாவுக்கு உப்பு குறைந்தாலும் கவலையில்லை, நல்ல தண்ணீரிலும் வாழும். காலா மீனுக்கு மார்புத் துடுப்பின் கீழே நூல் நூலாகத் தொங்கும் இழைகள் உண்டு. அவற்றால் தடவியே இரை தேடும், கலங்கலிலும் கிடைக்கும். பாறை, சீலா எல்லாம் பார்த்து அடிக்கிற மீன்கள், தெளிவு வரும்வரை அவற்றை மறந்துவிடுங்கள். கொடுவா இளசில் ஆணாக இருந்து பெருத்தபின் பெண்ணாக மாறுகிற மீன். அதனால் பெரியது கிடைத்தால் திரும்ப விட்டுவிடுவேன். என் வீட்டில் இதற்கு எதிர்ப்பு உண்டு.

இறங்கி நிற்கும்போது கவனம். போன மாதம் இடுப்பளவு இருந்த இடத்தை வெள்ளம் ஆளுயரத்துக்கு அரித்திருக்கும். கழியால் குத்திப் பார்த்து, காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மிதித்துவிட்டால் திருக்கை சும்மா விடாது. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். துறைமுகத்தில் புயல் கூண்டை இறக்கியபின்னும் அலை அடங்க நாளாகும்; ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. புயல் நாட்களில் படகு இறங்காமல் கையில் காசில்லாமல் இருந்த வலைக்காரர்கள், தண்ணீர் கொஞ்சம் அடங்கியதுமே முகத்துவாரத்தில் வலை கட்டுவார்கள். நாம் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். வலை கிடக்கும் பக்கம் வீசாமல், "அண்ணே, எந்தப் பக்கம் நிக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். பெரும்பாலும் மீன் இருக்கிற பக்கத்தையே கையைக் காட்டுவார்கள்.

நன்றி, வணக்கம்.